வீடு திரும்பும் ஓட்டம்

மார்ச் மாதம் 31ஆம் தேதி என்பது வங்கியில் பணிபுரிந்தவர்களுக்கு வெறும் தேதியன்று. அது ஒரு பருவம். ஆண்டுக் கணக்கை முடிக்கும் அந்த நாளில் இரவு பத்து மணிக்கு முன்னர் வீடு திரும்பிய நினைவு எனக்கில்லை. பணி ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகளாகின்றன. ஆயினும் இன்றும் அந்த மாலைப் பொழுதில் என்னையறியாமல் ஒரு குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேசையருகில் அமர்ந்துவிடுகிறேன். இப்போது நான் முடிப்பது வைப்புத்தொகைக் கணக்கையோ கடன் கணக்கையோ அன்று. என் ஓட்டக் கணக்கை.

ஆம், நான் ஓடுகிறேன். பரிசுக்காக ஓடுபவனல்லன். ஐம்பத்தேழாம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதென்று மருத்துவர் எச்சரித்தபோது மயிலாப்பூரிலிருந்து கடற்கரைவரை நடக்கத் தொடங்கினேன். மெரினாவில் காந்தி சிலையருகே விடியற்காலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே நடப்பவரைக் கண்டால் நடக்கத் தோன்றும், ஓடுபவரைக் கண்டால் ஓடத் தோன்றும். ஒரு நாள் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கிடையே ஓடிப் பார்த்தேன். மறுநாள் நான்கு. மூன்று ஆண்டுகளில், 2017இல் ஓய்வு பெற்ற வேளையில், நிற்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓடும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

இதுவரை நடந்தது எல்லாம் நன்மையே. அதன் பிறகுதான் என்னுள் இருந்த கிளை மேலாளர் விழித்துக்கொண்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக யாரேனும் ஒருவர் எனக்கு இலக்கு நிர்ணயித்துக்கொண்டிருந்தார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். இவ்வளவு வைப்புத்தொகை, இவ்வளவு கடன், இத்தனை புதிய கணக்குகள். எட்டினால் அடுத்த ஆண்டு அதைவிடக் கூடுதல். ஓய்வு பெற்ற பின் அந்தச் சுற்றறிக்கை வரவில்லை. எனவே அதை நானே எனக்கு அனுப்பிக்கொண்டேன் போலும். 2018 ஜனவரியில் என் முதல் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் தூரத்தை 2 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். அடுத்த ஆண்டு 2 மணி 41 நிமிடம். 2020இல் 2 மணி 34 நிமிடம். வரைகோடு அழகாக இறங்கி வந்தது. அடுத்த இலக்கு இரண்டரை மணி நேரம் என்று எழுதி, மேசைக் கண்ணாடியின் அடியில் செருகி வைத்தேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. அந்த எண் என் கனவிலும் வந்தது.

பெருந்தொற்றினால் இரண்டு ஆண்டுகள் பந்தயங்கள் தடைப்பட்டன. அந்த நாள்களில் குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். மீண்டும் சாலைக்கு வந்தபோது எனக்கு அறுபத்தைந்து வயது. உடல் இரண்டு ஆண்டு மூத்திருந்தது. இலக்குச் சீட்டு மட்டும் மூப்படையாமல் கண்ணாடியின் அடியில் அப்படியே இருந்தது.

அந்த 2022ஆம் ஆண்டில்தான் எங்கள் மகளுக்குப் பிரசவம் நடந்தது. சற்றுச் சிக்கலான பிரசவம். தாயும் சேயும் நலமென்ற செய்தி வரும்வரை என் மனைவி பூஜை அறையை விட்டு எழவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து திருவண்ணாமலையில் கிரிவலம் வருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆவணிப் பௌர்ணமி நெருங்கியபோது, "என்னங்க, இந்த மாதம் போய்விட்டு வந்துவிடலாமா?" என்று கேட்டாள். அந்த வாரக் கடைசியில் எனக்குப் பதினாறு கிலோமீட்டர் பயிற்சி இருந்தது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வந்த கால்களைக் கொண்டு அதை எப்படி ஓடுவது? அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். புரட்டாசிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. ஞாயிறு எனக்கு நெடுந்தூர ஓட்ட நாள். "பந்தயம் முடியட்டும், தை மாதம் நிம்மதியாகப் போவோம்" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் குடியிருப்புப் பெண்கள் சிலருடன் வேனில் சென்று வந்தாள். திங்கட்கிழமை விடியற்காலையில் வீடு திரும்பியபோது பாதத்தில் இரண்டு கொப்புளங்கள். நான் நாற்காலியில் அமர்ந்து வலது காலுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருநீற்றை என் நெற்றியில் இட்டுவிட்டு, "வேண்டுதல் இரண்டு பேருக்கும் சேர்த்து. என் பாதியை முடித்துவிட்டேன்" என்றாள். அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. கணக்கைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் சென்றாள். பிறகு என் காலைப் பார்த்து, "ரொம்ப வலிக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்.

முழங்காலுக்குக் கீழே, முன்புற எலும்பில், ஒரு ரூபாய் நாணய அளவுள்ள ஓர் இடத்தில் வலி இருந்தது. முதலில் ஓடி முடித்த பின் வலித்தது. பிறகு ஓடும்போது வலித்தது. பிறகு படியேறும்போதும் வலித்தது. வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றியவன் நான். ஒரு தவணை ஒரு நாள் தாமதித்தாலே குறித்து வைக்க வேண்டும். கவனியாமல் விட்டால் அது தொண்ணூறு நாளில் வாராக்கடனாகிவிடும் என்று இளைய அலுவலர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். என் எலும்பு ஆறு வாரங்கள் தவணை தவறியபோது அதை நான் எந்தப் பதிவேட்டிலும் குறிக்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு காலை கடற்கரைச் சாலையில் ஊன்றிய கால் ஊன்றியபடி நின்றுவிட்டது. ஆட்டோவில் வீடு திரும்பினேன். எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. ஒரே அடியில் உடைவதல்ல இது, மீண்டும் மீண்டும் விழும் சிறு அடிகளால் வருவது என்று எலும்பு மருத்துவர் விளக்கினார். நெஞ்சும் தசைகளும் பயிற்சிக்கு விரைவில் பழகிவிடும். எலும்பு பழக அதைவிட நெடுங்காலம் பிடிக்கும். வயது கூடக்கூட அந்த இடைவெளியும் கூடும். "வாரத்துக்கு எவ்வளவு ஓடினீர்கள்?" என்று கேட்டார். ஒரே மாதத்தில் இருபத்தைந்து கிலோமீட்டரிலிருந்து நாற்பத்தைந்துக்கு உயர்த்தியிருந்தேன். "எதற்காக?" என்றார். நான்கு நிமிடங்களுக்காக என்று சொல்ல நாணமாக இருந்தது.

மார்ச் மாதக் கடைசியில் சில கிளைகளில் நடப்பதை நான் அறிவேன். 31ஆம் தேதி மாலையில் யாரிடமோ கேட்டு வாங்கிப் பெருந்தொகை ஒன்றைக் கணக்கில் காட்டுவார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அது வெளியேறிவிடும். ஏட்டில் இலக்கு எட்டப்பட்டிருக்கும், கிளை வளர்ந்திருக்காது. நான் என் உடம்பில் செய்ததும் அதுவே.

ஆறு வாரங்கள் காலில் கட்டு. அடுத்த ஆறு வாரங்கள் கைத்தடி. அந்த மூன்று மாதங்களில் காய்கறி வாங்குவதும், மின்கட்டணம் செலுத்துவதும், என்னைக் குளியலறைவரை அழைத்துச் செல்வதும் என அனைத்தையும் என் மனைவியே செய்தாள். ஜனவரிப் பந்தயம் நடந்த காலையில் நான் பால்கனியில் அமர்ந்திருந்தேன். அருகில் காப்பியை வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "பாங்கில் இருந்தவரைக்கும் யாரோ உங்களுக்கு டார்கெட் போட்டார்கள். இப்போது உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள். அப்படியானால் ரிட்டயர் ஆனது யார்?"

நடக்க முடியாத நாள்களில் ஓட்டக்காரர்களைப் பற்றி நிறையப் படித்தேன். அவர்களில் இருவர் என் மனத்தில் தங்கினார்கள். ஒருவர் கனடாவைச் சேர்ந்த எட் விட்லாக். முழு மாரத்தான் தூரமாகிய 42.195 கிலோமீட்டரை எழுபது வயதுக்கு மேல் மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர். 2003இல், 72ஆம் வயதில், 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் அதைச் சாதித்தார். அடுத்த ஆண்டு 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். பளபளக்கும் விளையாட்டு அரங்கில் அவர் பயிற்சி செய்யவில்லை. தம் வீட்டருகே இருந்த ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பலமுறை சுற்றி வந்தார். பிரகாரம் சுற்றும் நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. 85ஆம் வயதில் அதே தூரத்தை ஓட அவருக்கு 3 மணி 56 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. எழுபத்து மூன்றாம் வயதின் காலத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். அதனால் அவர் தோற்றவராகவில்லை. அந்த வயதுக்கு அதுவே உலகச் சாதனை.

மற்றொருவர் அமெரிக்காவின் கேத்தரின் சுவிட்சர். பெண்கள் மாரத்தான் ஓட இயலாதென்று கருதப்பட்ட 1967இல், 261 என்ற எண்ணை அணிந்து பாஸ்டன் பந்தயத்தில் ஓடியவர். நடுவழியில் போட்டி அதிகாரி ஒருவரே பாய்ந்து வந்து அந்த எண் அட்டையைப் பறிக்க முயன்றார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், எழுபது வயதில், அதே எண்ணை அணிந்து அதே பந்தயத்தில் ஓடி 4 மணி 44 நிமிடத்தில் முடித்தார். இருபது வயதுப் பெண்ணுக்கு இருந்த இலக்கு ஒன்று, எழுபது வயதுப் பெண்மணிக்கு இருந்த இலக்கு வேறொன்று. பாதை மட்டுமே ஒன்று.

இவர்களைப் படித்தபோது எனக்கு ஒன்று புலனாயிற்று. இலக்கு வைப்பதில் பிழையில்லை. இலக்கில்லாத நாளில் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் மனிதன்தான். என் இலக்கு மாறாமல் நின்றதும், நான் மாறிக்கொண்டே வந்ததுமே பிழை. மேலும், கடிகாரம் காட்டும் எண் என் கையில் இல்லை. அன்றைய வெயில், காற்று, முந்தைய இரவின் உறக்கம், வயது எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. காலையில் எழுவதும், கால்களைப் பலப்படுத்துவதும், வலித்தால் நிறுத்துவதும் என் கையில் இருக்கின்றன. செயலில் உனக்கு உரிமை, பயனில் இல்லை என்னும் கீதையின் போதனையை எத்தனையோ உபந்நியாசங்களில் முன் வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். அது எனக்கு விளங்கியது வலது கால் எலும்பின் வழியாகத்தான்.

மருத்துவர் இசைவளித்ததும், 2023இன் பிற்பகுதியில், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் நாங்கள் இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்றோம். அவள் தன் பாதியை முடித்திருந்தாலும், "உங்கள் பாதிக்குத் துணை வேண்டாமா?" என்று உடன் வந்தாள். வெறுங்காலுடன் நடக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை. செருப்புடன் வலம் வர எனக்கு மனம் ஒப்பவில்லை. இறுதியில் இரண்டு தடித்த காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டேன். கிழக்கு ராஜகோபுரத்தின் முன் விடியலுக்கு வெகு முன்னரே நின்றபோது, 217 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் இருளில் கரிய நிழலாகத் தெரிந்தது. என் கடிகாரத்தை அவள் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் கிரிவலம் வர வேண்டும் என்று பெரியோர் சொல்வார்கள். அரை மணி நேரம் அப்படி நடப்பது எவ்வளவு கடினம் என்பது விரைந்து பழகியவர்களுக்குத்தான் தெரியும். என் கால்கள் என்னையறியாமல் முந்தின. திரும்பிப் பார்த்தால் அவள் இருபதடி பின்னால் வந்துகொண்டிருப்பாள். நான்கைந்து முறை இப்படி நேர்ந்தபின் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்ளாத குறையாக அருகிலேயே நடந்தேன். எட்டு லிங்கங்களின் சந்நிதிகளிலும் அவள் நின்று வழிபட்டாள். இடையில் சாலையோரக் கடையில் தேநீர் அருந்தினோம். மலை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு வடிவம் காட்டியது.

நான்காவது லிங்கத்தைக் கடந்த பின் அவள் ஒன்று சொன்னாள். "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குக் கிளம்பிப் போனால், கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்கும்வரைக்கும் நான் தூங்கவே மாட்டேன்."

"ஏன், பயமா?" என்றேன்.

"அப்பாவும் அப்படித்தானே போனார்" என்றாள்.

அவளுடைய தந்தை ஒரு காலை நடைப்பயிற்சிக்குச் சென்றவர், திரும்பி வரவில்லை. வழியிலேயே மாரடைப்பு. அவரைக் கொண்டுவந்து கிடத்திய திண்ணையும், அன்று நான் செய்த ஏற்பாடுகளும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. ஆயினும் ஓடத் தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அதையும் இதையும் இணைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, வீட்டில் ஒருத்தி வேறு விதமாக நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று மணி நேரப் பயிற்சிக்குப் பின் வியர்வையுடன் உள்ளே நுழைந்து, "இன்றைக்கு நல்ல வேகம்" என்று நான் பெருமையடித்தபோதெல்லாம் அவள் ஏன் வெறுமனே தலையசைத்துவிட்டு உடனே உறங்கச் சென்றாள் என்பது அந்த மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்தது.

கிரிவலம் முடிய ஐந்தேகால் மணி நேரம் ஆயிற்று. நான் ஓடினால் ஒன்றேமுக்கால் மணியில் கடக்கும் தூரம். என் வாழ்நாளில் பதினான்கு கிலோமீட்டரை அவ்வளவு மெதுவாகக் கடந்ததில்லை.

வீடு திரும்பியதும் கண்ணாடியின் அடியிலிருந்த சீட்டை எடுத்துவிட்டுக் குறிப்பேட்டில் புதிய இலக்குகளை எழுதினேன். என்னைப் போன்ற வயதினர் யாரேனும் ஓடவோ நடக்கவோ எண்ணினால் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்கே சொல்கிறேன்.

முதல் இலக்கு, வீடு திரும்புவது. இதற்காக இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டேன். ஆண்டுதோறும் அவரைப் பார்க்கிறேன். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் மட்டும் ஓடுகிறேன். சட்டைப்பையில் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கிறது. பாதி வழியில் நின்று வீட்டுக்கு ஓர் அழைப்பு. அந்த அழைப்புக்குப் பின் அவள் உறங்குகிறாள்.

இரண்டாவது, பேச்சு நிற்காத வேகம். 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்சம் ஏறத்தாழத் தெரியும் என்பார்கள். எனக்கு அதைவிட எளிய அளவுகோல் கிடைத்தது: உடன் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

மூன்றாவது, நடப்பதற்கு நாணாமை. மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பின் நடப்பதல்ல, களைக்கும் முன்பே நடப்பது. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே இம்முறையைப் பரப்பியவர். ஒலிம்பிக் வீரரே நடக்கச் சொல்லும்போது ஓய்வு பெற்ற மேலாளருக்கு என்ன தயக்கம்?

நான்காவது, கால்களுக்கு முதலீடு. வாரம் இருமுறை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தலும், படிக்கட்டில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதலும். தூரத்தைக் கூட்டினால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை.

ஐந்தாவது, வலியை மறைக்காமை. வலித்தால் அன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். அன்றே வீட்டிலும் சொல்ல வேண்டும். இந்த இலக்கே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

இந்த விதிகளோடு சென்ற ஜனவரியில் மீண்டும் ஓர் அரை மாரத்தான் ஓடினேன். 3 மணி 5 நிமிடம். என் முதல் ஓட்டத்தைவிடப் பதினேழு நிமிடம் அதிகம். முடித்த மாலையே பேத்தியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற முடிந்தது. 2 மணி 34 நிமிடத்தில் முடித்த ஆண்டில் மூன்று நாள்கள் படியிறங்கவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தேன்.

கடந்த மார்ச் 31 மாலையில் வழக்கம்போல் கணக்கை முடித்தேன். ஓடிய நாள்கள் 171. வலியால் நின்ற நாள்கள் 4. நான்கும் அன்றன்றே வீட்டில் சொல்லப்பட்டன. கிரிவலம் இரண்டு. வீடு திரும்பாத நாள் இல்லை. மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டு, அடுத்த ஆண்டுக்கான பக்கத்தைத் திருப்பினேன்.

என் மனைவி கண்ணாடியை அணிந்துகொண்டு அருகில் வந்து அமர்ந்தாள். "இந்த வருஷம் நானும் ஓர் இலக்கு சொல்லலாமா?" என்றாள். எனக்கு வியப்பு. சொல் என்றேன். பந்தயங்களில் ஐந்து கிலோமீட்டர் நடைப் பிரிவும் உண்டாமே, அதில் தான் கலந்துகொள்ள வேண்டும், நான் உடன் நடக்க வேண்டும் என்றாள். எனக்குக் கண் கலங்கியது. "தாராளமாக. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். கிரிவலம்போல் மெதுவாக நடப்போம். கடிகாரமே கட்டிக்கொள்ள மாட்டேன்" என்றேன், பெற்ற ஞானத்தையெல்லாம் குரலில் தேக்கி.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூன்றாவது மாடி மாமி போன வருஷம் அறுபத்திரண்டு நிமிஷத்தில் முடித்தாராம். நமக்கு ஒரு மணி நேரம். எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.